வடபழனியில் அறை எடுத்திருக்கும் எங்கள் ஊர் உதவி இயக்குநர்களுக்கு

தம்பிகளே, அம்மணிகளே,

இந்த ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்த என் தங்கச்சி மகன், பவானி கூடுதுறையில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் ஸ்பைரல் போட்ட ஒரு கட்டு. "மாமா, படிச்சுப் போட்டு உள்ளதைச் சொல்லுங்க" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். 142 பக்கம். ஈரோட்டில் நடக்கும் கேங்ஸ்டர் கதை. மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் இல்லை, தறி நின்றுவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்தேன்.

பதினொரு கொலை. ஒன்று கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில், விடியற்காலம். ஒன்று காளிங்கராயன் வாய்க்கால் கரையில். ஒன்று மஞ்சள் மண்டிக்குள்ளே. மூட்டையில் இருந்து கொட்டிய மஞ்சளில் ரத்தம் ஊறுவதை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். பையனுக்குக் கண் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் வந்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மாப்ள, இவனுக்கு வருமானம் எதுல வருது? இருபது பேருக்குச் சோறு போடறான், நாலு வண்டி வெச்சிருக்கான். டீசல் யாரு காசு?"

முழித்தான். "மாமா, அவன் டான் மாமா" என்றான்.

அந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல். அவனுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியது. கோபி, பொள்ளாச்சி, தாராபுரம், திருச்செங்கோடு என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அறைக்கு நாலு பேராக வடபழனியிலும் சாலிகிராமத்திலும் தங்கியிருக்கிறீர்கள் என்றும், ஆளுக்கொரு கேங்ஸ்டர் கதை பையில் இருக்கிறது என்றும் அவனே சொன்னான். எழுதவேண்டாம் என்று சொல்ல நான் யார்? நானும் அந்த வகைப் படத்துக்கு அடிமை. ஆனால் அது ஏன் நம்மை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து வந்த அபிப்பிராயம்.

நான் குமாரபாளையத்துக்காரன். பகலில் அப்பாவின் தறி, மாலையில் தியேட்டர் கேபின். 1984-ல் ஆபரேட்டராகச் சேர்ந்து 1996-ல் வெளியே வந்தேன். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். மணமேடை இருக்கும் இடம்தான் பழைய திரை. கேபினில் இரண்டு புரொஜக்டர், கார்பன் குச்சி எரியும் வெளிச்சம், உள்ளே நின்றால் அடுப்படி மாதிரி வேகும். ஒரு ரீல் இருபது நிமிஷம். அது முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும், அந்த நொடியில் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். மிச்ச நேரமெல்லாம் ஆபரேட்டருக்குப் படம் பார்க்கும் வேலை இல்லை. பத்து தடவை பார்த்த படத்தை என்ன பார்ப்பது? ஜனங்களைப் பார்ப்பேன். மேலே இருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும். எந்தக் காட்சிக்குத் தலை ஆடுகிறது, எதற்குத் தலை நிற்கிறது, எதற்குப் பீடி பற்ற வைக்கக் கதவுப் பக்கம் போகிறது என்று எனக்கு மனப்பாடம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். சண்டைக்குத்தான் எழுந்து போவார்கள். முதல் சண்டைக்கு விசில் பறக்கும், சரி. மூன்றாவது சண்டைக்கு முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள். ஒருவனும் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறு இடத்தில். கையில் காசில்லாத ஒருத்தன் முதல் தடவையாக ஒரு தொகையைப் பார்க்கிற இடம். மாமூல் கேட்டு வந்தவனிடம் "முடியாது" என்று சொல்கிற இடம். அங்கே தரை டிக்கெட்டில் இருந்து பால்கனி வரை ஒரு தலை ஆடாது. உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? தறிக்காரர்கள், சாயப்பட்டறை ஆட்கள், லாரி கிளீனர்கள், முன்பணம் வாங்கிவிட்டு ஒரே பட்டறையில் வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள். ஒவ்வொருத்தன் மனசிலும் ஒரு தொகை ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கொங்கு நாட்டில் பெரிய ஆள் என்று யாரைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சைக்கிளில் பனியன் கட்டு வைத்துக்கொண்டு போனவர் திருப்பூரில் இன்றைக்கு எக்ஸ்போர்ட்டர். கிளீனராக ஏறியவர் நாமக்கல்லில் பத்து லாரிக்கு ஓனர். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஏறி வட மாநிலத்துக் கருங்கல்லில் குழாய்க் கிணறு போட்டுச் சம்பாதித்தவர்கள் எத்தனை பேர். கேங்ஸ்டர் படத்தின் முதல் பாதி இந்தக் கதையேதான். ஊரில் பிழைக்க வழி இல்லாதவன் பட்டணம் போகிறான், ஒரு முதலாளியிடம் எடுபிடியாகச் சேருகிறான், தொழில் கற்றுக்கொள்கிறான், முதலாளியை மிஞ்சுகிறான். கத்தியை எடுத்துவிட்டுப் பார்த்தால் சேம்பர் ஆப் காமர்ஸ் ஆண்டு விழாவில் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் இங்கே தொழில் செய்கிறவனுக்கு அந்தப் படம் இனிக்கிறது. அவன் பார்ப்பது தன் கதை, இன்னும் வேகமான கதை, பேங்க் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்காத கதை.

'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் 1974-ல் வந்தது. நான் பார்த்தது வெகுகாலம் கழித்து, என் மகன் டிவிடி வாங்கி வந்தபோது. அதில் பின்னால் டான் ஆகப்போகிற வீட்டோ, இளவயதில் மளிகைக் கடையில் வேலை செய்கிறவன். தெருவில் மாமூல் வாங்கும் ஃபனூச்சி என்கிற வெள்ளைக் கோட்டுக்காரன் பங்கு கேட்கிறான். கூட்டாளிகள் பயந்து கொடுத்துவிடலாம் என்கிறார்கள். வீட்டோ கேட்ட தொகையைக் கொடுக்காமல் குறைத்துக் கொடுத்துப் பார்க்கிறான். அந்த மேஜையில் இருக்கிற சஸ்பென்ஸ் பின்னால் வருகிற துப்பாக்கியில் இல்லை. அது பேரம் பேசும் காட்சி. அந்தியூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதே முகம்.

நிஜ அல் கபோன் கதையும் கணக்கில்தான் முடிந்தது. மதுவிலக்குக் காலத்துச் சிகாகோவில் எத்தனையோ கொலைகள் அவன் பெயரில் பேசப்பட்டாலும், 1931-ல் அவனுக்குப் பதினோரு வருஷம் வாங்கிக் கொடுத்தது வருமான வரி வழக்கு. சூதாட்ட விடுதி ஒன்றில் பிடிபட்ட பேரேடுகள் சாட்சி சொல்லின. நம் ஊரில் இன்கம்டாக்ஸ் ரெய்டு என்றால் சந்தில் நிற்கிறவர்கள் முகம் மாறுமே, அந்த மாற்றத்தை எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறோமா?

அந்த வருஷங்களில்தான் அமெரிக்காவில் இந்த வகைப் படம் ஒரு வகையாகவே உருவானது. பொருளாதாரம் படுத்துவிட்டது, ஆலைகள் மூடிக் கிடக்கின்றன, அப்போது திரையில் ஒருத்தன் மட்டும் புதுக் கோட்டும் புதுக் காரும் வாங்கிக்கொண்டே போகிறான். 1932-ல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் ஒரு விளம்பரப் பலகை மின்னும், உலகம் உன்னுடையது என்று. நாயகன் அதைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறுவான், கடைசியில் அது மின்னிக்கொண்டிருக்கும் தெருவிலேயே விழுந்து சாவான். அவினாசி ரோட்டில் பனியன் கம்பெனி போர்டுகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வரும். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

சாவு என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளாத இரண்டாவது விஷயம்.

'நாயகன்' 1987 தீபாவளிக்கு வந்தது. எங்கள் ஊருக்கு வர மாசங்கள் ஆயின. அதுவும் ஒரே பிரிண்ட், இரண்டு தியேட்டருக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானி, அப்போது பெரியார் மாவட்டம். இந்தப் பக்கம் நாங்கள், சேலம் மாவட்டம். அங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் ஒரு பையன் அதைத் தகரப் பெட்டியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, காவிரிப் பாலத்தைத் தாண்டி எங்களுக்குக் கொண்டு வருவான். இதற்கு ஷிஃப்டிங் என்று பெயர். ஒரு ராத்திரி பாலத்தின் நடுவில் சைக்கிள் பஞ்சர். கையில் இருப்பது கடைசி ரீல். இங்கே திரை வெள்ளையாகிவிட்டது. விளக்கைப் போட்டோம்.

வழக்கமாக இரண்டு நிமிஷம் தாமதமானாலே நாற்காலி உடையும், என் அம்மா பேரும் பாட்டி பேரும் வசவில் வரும். அன்றைக்கு அரை மணி நேரம். ஒருத்தன் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இழவு வீட்டில் பாடைக்குக் காத்திருக்கிற மாதிரி. அதில் பாதிப் பேர் முன்னமே பார்த்தவர்கள். ஒரு பெரியவர் படியேறி வந்து கேபின் கதவைத் தட்டி, "ஏனுங் ஆபரேட்டர், சாவு எப்பங் வரும்?" என்று கேட்டார். கேலி இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரல்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதாக இல்லை. சின்ன வயசில் எங்கள் அப்பாரு (தாத்தா) என்னை அண்ணன்மார் கதை கேட்கக் கூட்டிப் போவார். உடுக்கையடித்துப் பாடுவார்கள், ராத்திரி ராத்திரியாகப் பல நாள். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள், வேட்டுவரோடு பகை, கொம்பன் பன்றி, எல்லாம் வரும். குழந்தைகள் பாதி ராத்திரிக்கு மேல் கோணிச் சாக்கில் தூங்கிவிடுவோம். ஆனால் படுகளம் அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும். அண்ணன்மார் சாகப்போகிற ராத்திரி. கதை தெரியாதவர் அங்கே ஒருவரும் கிடையாது. இளவட்டங்கள் அருள் வந்து களத்தில் அப்படியே விழுவார்கள், விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வைப்பார்கள், அப்புறம் தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்புகிற சடங்கு. வீரப்பூரில் மாசி மாசத் திருவிழாவுக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம்.

நிலத்துக்கும் மானத்துக்கும் வாள் எடுத்தவனைக் கொண்டாடவும் வேண்டும், அவன் விழுவதைப் பார்க்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நமக்கு வயிறு நிறைகிறது. விழாவிட்டால் அவன் வெறும் அடாவடி. விழுந்துவிட்டால் நம்ம ஆள். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் வட்டிக்காரனிடம் கை கட்டி நின்றவன்தான், ஆனால் நாளைக்குத் தானும் நாலு பேருக்கு வட்டிக்குக் கொடுக்க மாட்டோமா என்று நினைக்கிறவனும் கூட. திரையில் அந்த ஆசையை இரண்டு மணி நேரம் ஓட விட்டு, கடைசி ரீலில் கொன்று, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். இப்போதெல்லாம் நாயகனைக் கடைசியில் சாகடிக்காமல் இரண்டாம் பாகத்துக்கு மிச்சம் வைக்கிறீர்கள். தங்காள் தண்ணீர் தெளிக்க முதலில் ஒரு பிணம் வேண்டாமா?

(என் அம்மாவின் விமர்சனம் வேறு. 'நாயகன்' பார்த்துவிட்டு வந்து, "பொண்டாட்டி செத்தப்பவே அந்தப் படம் முடிஞ்சு போச்சு. பொறவு அவன் இருந்தா என்ன, செத்தா என்ன" என்றாள். எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் தெரியவில்லை.)

கொள்ளைக்காரனை நாயகன் ஆக்கியது ஏதோ வடசென்னைக்காரர்களும் மதுரைக்காரர்களும் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊர்ச் சரக்கும் அதில் இருக்கிறது. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் எடுத்த 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆரை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கும் திருடன். அந்தப் படத்தை நாயுடு மொழிக்கு மொழி எடுத்தார், இந்தியில் திலீப் குமார். மூலக் கதை யாருடையது? நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல். 'கத்தியின்றி இரத்தமின்றி' என்று உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதிய அதே மனுஷர். காந்தியவாதியின் பேனாவுக்குள்ளேயே ஒரு கொள்ளைக்காரன் குதிரை ஏறிக் காத்திருந்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1960-களில் ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். அது இருக்கட்டும்.

இந்தப் படங்களால்தான் பையன்கள் கெடுகிறார்கள் என்று உங்களிடம் சொல்லத்தான் செய்வார்கள். அரிவாளோடு ரீல்ஸ் போட்டுப் போலீஸில் மாட்டுகிற பொடியன்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. தடை போட்டால் தீருமா என்றால், போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1934 முதல் தணிக்கை விதியை இறுக்கினார்கள், கேங்ஸ்டர் படத்தை ஓரங்கட்டினார்கள். 1935-லேயே 'ஜி மென்' என்று ஒரு படம் வந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால் ரவுடியாக நடித்துப் பேர் வாங்கிய ஜேம்ஸ் காக்னிதான் அதில் போலீஸ். சுடுவது அதே ஆள், சட்டைதான் வேறு. நம் ஊரில் அந்த விளையாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்கவுண்டர் போலீஸ் படம் என்பது காக்கி போட்ட கேங்ஸ்டர் படம். அதில் கடைசி ரீல் சாவும் கிடையாது. எது பையனைக் கெடுக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அதே மாதிரி ஒரு ஆளை அப்படியே திரையில் வைத்தாலும் பேரை மட்டும் சொல்லக்கூடாது என்பார்கள். 'காட்ஃபாதர்' முதல் படத்தில் மாஃபியா என்கிற வார்த்தையே வராது. இத்தாலி வம்சாவளிக்காரர்கள் அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது, தயாரிப்பாளர் எடுத்துவிட்டார். எடுத்ததால் படம் நன்றாகத்தான் ஆனது. எல்லோரும் "குடும்பம்" என்றே பேசிக்கொள்வார்கள், கேட்கவே குளிரும். நம் ஊரில் சாதிப் பேரைச் சொல்லாமலேயே யார் என்று காட்டத் தெரிந்தால் நீங்களும் பிழைத்துக்கொள்வீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற குறை ஒன்றுதான். உங்கள் கதையில் ஈரோட்டு ரவுடி மதுரைத் தமிழ் பேசுகிறான். "டேய்" இல்லாமல் அவனுக்கு வாக்கியம் தொடங்குவதில்லை. நம்மையே நாம் இரவல் வாங்குகிறோம். பொள்ளாச்சிப் பக்கம் வந்து 'தேவர் மகன்' எடுத்தார்கள், எங்கள் வயலும் வாய்க்காலும் தென்மாவட்டமாக நடித்தன. கோபிக்குக் குட்டிக் கோடம்பாக்கம் என்றே பேர். நம் இடத்தை வாடகைக்கு விட்டாயிற்று, போகட்டும். நம் ரவுடியையுமா? 'வடசென்னை' 2018-ல் வந்தபோது எனக்குப் பிடித்தது கத்தி இல்லை. துறைமுகம், ரோடு, அதற்காகக் குப்பத்தை யார் காலி செய்வது, அதில் யாருக்கு என்ன லாபம் என்று ஒவ்வொருத்தன் மூஞ்சியிலும் கணக்கு ஓடியது. கிணத்துக்கடவில் இருந்து போன லோகேஷ் கனகராஜ் படம் எடுத்து உலகமே பார்க்கிறது, சந்தோஷம். ஆனால் அவர் ஆட்களும் போதைப் பொட்டலத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். பேங்கில் வேலை பார்த்தவர், என்றைக்காவது வட்டிக் கதை எடுப்பார் என்று நான் காத்திருக்கிறேன்.

ஏனென்றால் நம் பக்கத்துப் பயம் வேறு மாதிரி வரும். அது "ங்க" போட்டு வரும்.

1989. நூல் விலை ஏறி அப்பா திணறிய வருஷம். எங்களுக்கு நாலு தறி. ஒரு ஃபைனான்ஸில், பேர் வேண்டாம், நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தார். ஏழெட்டு மாசம் கட்டவில்லை. ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள், பின்னால் ஒரு டெம்போ. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார்கள். திண்ணையில் படுத்திருந்த அப்பாருவிடம் உடம்பு எப்படி என்று விசாரித்தார்கள். தங்கச்சிக்கு ஜாதகம் எடுத்தாயிற்றா என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா காப்பி போட்டாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் அம்மா கையிலேயே கொடுத்து, "காப்பி நல்லா இருந்துதுங்க அக்கா" என்றார் பெரியவர். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "அண்ணா, ரெண்டு தறிய அவுத்துக்கறமுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார்.

குரல் ஏறவே இல்லை. எனக்குக் கால் நடுங்கியது. டெம்போவில் வந்த ஆட்கள் ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகியதைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இப்படித் திருகுனா வார்ப்பு உடைஞ்சு போயிருமுங்க, இங்க குடுங்க" என்று ஸ்பேனரை வாங்கி, தன் தறியைத் தானே போல்ட் போல்ட்டாகக் கழற்றிக் கொடுத்தார். தறியில் இருந்த பாவு நூலை அறுக்காமல் சுருட்டி ஓரமாக வைத்தார். போகும்போது அவர்கள், "வரட்டுங்களா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு இரண்டாம் ஆட்டம் நான்தான் ஓட்டினேன். ஏதோ ஒரு பழைய டப்பிங் படம். அதில் ஒரு டீக்கடைக்காரன் மாமூல் வாங்க வந்தவன் மூஞ்சியில் கொதிக்கிற பாலை ஊற்றுவான். எத்தனையோ தடவை ஓட்டிய காட்சி. அன்றைக்குக் கேபினுக்குள் தனியாக நின்று விசில் அடித்தேன். கார்பனைக் கவனிக்காமல் விட்டதில் திரை மங்கிப்போய், கீழே இருந்து கத்தினார்கள்.

கேங்ஸ்டர் படம் ஏன் ஓடுகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும். கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று சொல்லி வசூலித்தது 2012-ல் கவிழ்ந்தபோது என் மச்சான் ஒருத்தர் நகையோடு நிலத்தையும் விட்டார், அங்கேயும் ஒருவரும் கத்தி எடுக்கவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். எங்களுக்கு அக்கட்டால் இருக்கிற பள்ளிபாளையத்தில் தறித் தொழிலாளிகள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025-ல் பேப்பரில் வந்தது. புரோக்கர் எப்படிக் கூப்பிட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். "ஏனுங் தம்பி, ஒரு டீ சாப்பிடலாம் வாங்க" என்றுதான் கூப்பிட்டிருப்பான். நம் பக்கத்து ஆளை எழுத வேண்டும் என்றால் முதலில் அந்த "வாங்க" காதில் விழ வேண்டும்.

என் மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. "மாமா, இதை வெச்சு புரொடியூசர்கிட்ட எப்படிக் கதை சொல்றது? ஓப்பனிங்ல ஒருத்தன் காப்பி குடிக்கறான்னா?" என்றான். நியாயமான கேள்விதான். எனக்கு அந்தத் தொழில் தெரியாது. ஆனால் 1972-ல் வந்த அந்த முதல் 'காட்ஃபாதர்' எப்படித் தொடங்குகிறது? இருட்டறையில் ஒரு பிணப்பெட்டிக்காரன் உட்கார்ந்து தன் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்லி நியாயம் கேட்கிறான். வெளியே கல்யாணம் நடக்கிறது. ஒருத்தனும் ஓடவில்லை, ஒருத்தனும் வெட்டவில்லை. டான் பூனையைத் தடவிக்கொண்டிருக்கிறான். அதை ஒரு கவுண்டச்சி வீட்டுத் திண்ணையிலோ, பஞ்சாயத்து வேப்பமரத்தடியிலோ வைத்துப் பாருங்கள். மாற்ற வேண்டியது அதிகம் இருக்காது.

பதினொரு கொலையில் ஒன்றை வைத்துக்கொள் என்று சொன்னேன். மஞ்சள் மண்டிக் கொலை நன்றாக இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொள். மிச்சம் பத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவன் யாரிடம் எவ்வளவு வாங்கினான், யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்று எழுது. மஞ்சள் கிடங்கில் போட்டு வைத்து விலைக்குக் காத்திருக்கிறவன் பொறுமை, அவசரத்துக்கு விற்கிறவன் முகம், நடுவில் கமிஷன்காரன் சிரிப்பு, இதில் இல்லாத கேங்ஸ்டர் கதையா?

அவன் சென்னைக்குக் கிளம்பிய அன்று பரணில் இருந்து அப்பாவின் வரவு செலவு நோட்டை இறக்கிக் கொடுத்தேன். நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை, கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது. அப்பா தினமும் எழுதுவார், எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விடமாட்டார். தறி போன அன்றைய பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். வரவுப் பக்கம் காலி. பற்றுப் பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. முதல் வரி, தறி 2 என்று மட்டும், தொகை போடவில்லை. இரண்டாவது, டெம்போக்காரருக்குப் பீடி, ஐம்பது காசு. மூன்றாவது, வந்தவர்களுக்குக் காப்பிக்குப் பால் அரை லிட்டர், இரண்டு ரூபாய்.

நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. வேண்டுமானால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
குமாரபாளையத்தில் இருந்து ஒரு பழைய ஆபரேட்டர்